டீக் ஹை, சாப்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது, மூத்திரப் பை நிறைந்து குழாய் வழியே திரும்பினாலும் தெரியாது. ஆனால் சீருடை போட்ட ஒருவர் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றால் மட்டும் அந்த உடம்புக்கு எப்படியோ தெரிந்துவிடும். தாடை மேலே போகும். கழுத்து நரம்பு புடைக்கும். "டீக் ஹை, சாப்" என்று கணீரென ஒரு குரல் வரும். எல்லாம் சரி ஐயா என்று அர்த்தம். ஒருமுறை காக்கிச் சட்டையில் வந்து கையெழுத்து கேட்ட தபால்காரருக்கே அப்படிச் சொல்லிவிட்டார். நான் அடுக்களையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பட்டாளத்தில் இருந்த அவர் சண்டையில் அடிபட்டவர் என்று பாறசாலையில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். சண்டையும் இல்லை, கிண்டையும் இல்லை. மலைப்பாதையில் அரிசி மூட்டை ஏற்றிப் போன லாரி உருண்டது. உள்ளே இருந்த மூன்று பேரில் இவர் ஒருவர்தான் பிழைத்தார், முதுகெலும்பு போய். அதைச் சொன்னால் கேட்கிறவர்களின் முகம் லேசாக வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன். வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்கு கிளப்புக்காரர்கள் வந்து பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தத் துணி ஒன்றுக்கும் ஆகாது. தண்ணீர் இழுக்காது, துடைக்க முடியாது. நான் அவற்றைச் சுருட்டித் தைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முட்டிகளுக்கு நடுவே வைத்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஒருக்களிப்பதுதான் என் வேலை. இரண்டு மணிக்கூருக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம், மறுபடி மல்லாக்க. உணர்வு இல்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அந்த இடத்தில் ரத்தம் நின்று, தோல் சிவந்து, பிறகு அழுகிப் புண்ணாகும். படுக்கைப்புண் வந்தவர்கள் பிழைப்பது அபூர்வம் என்று முதல் வாரத்திலேயே ஒரு நர்ஸ் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வாலெலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பார்ப்பேன். அவருடைய வாலெலும்பைப் பார்த்த அளவுக்கு நான் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததில்லை. பதினான்கு வருஷத்தில் ஒரு புண் கிடையாது. பஞ்சாயத்தில் இருந்து மாதம் ஒருமுறை மூத்திரக் குழாய் மாற்ற வரும் பாலியேட்டிவ் சிஸ்டர், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து அவர் முதுகைக் காட்டுவார். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

எழுபது கிலோவை ஒரு பெண்பிள்ளை பதினான்கு வருஷம் புரட்டினால் அவளுக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். ஒருநாள் கிணற்றடியில் குளிக்கும்போது கீழே ஏதோ தட்டுப்பட்டது. கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்திருந்தது. விரலால் உள்ளே தள்ளிவிட்டு, பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பத்து மணித் திருப்பலுக்குப் போனேன். இப்படி ஏழெட்டு மாதம் தள்ளினேன். பிறகு ரத்தம் கண்டது. நெய்யாற்றின்கரையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைச் சத்தம் போட்டார். "சேச்சி, இனி ஒரு குடம் வெள்ளம்கூட பொக்கருது" என்றார். ஒரு குடம் தண்ணீர்கூட இனித் தூக்கக் கூடாதாம். வருகிற மழைக்காலம் முடிவதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும். அதன்பிறகு மூன்று மாதம் படுக்கை. அதற்கப்புறமும் ஆயுள் முழுக்கப் பாரம் எடுக்கக் கூடாது.

"அப்பம் அவரை ஆரு திருப்புவா டாக்டரே?" என்றேன்.

"வீட்டில வேற ஆளில்லே?" என்றார்.

இல்லை. மகள் நர்ஸ், அரபு நாட்டில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். காரோடு ஊரில் இருக்கும் அவர் தம்பி நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு சொந்தப் படுக்கையையே உதற முடியாமல் கிடக்கிறார். ஏஜென்சி மூலம் இரண்டு ஹோம் நர்ஸ்களை வைத்துப் பார்த்தோம். ஒருவன் மூன்றாம் நாள் மலம் எடுக்கச் சொன்னதும் போனவன்தான். இன்னொருவன் குடித்துவிட்டு அவரைக் கட்டிலின் கம்பியோடு சாய்த்து வைத்திருந்தான். அதோடு எனக்கு அந்த எண்ணம் விட்டுப் போயிற்று.

அமரவிளையில் ஒரு ரிட்டயர்டு சுபேதார் இருக்கிறார். முன்னாள் பட்டாளக்காரர்களின் சங்கத்தை அவர்தான் கட்டி இழுக்கிறார். மீசைக்கு மட்டும் மை போட்டுக்கொண்டு, தலையை வெள்ளையாக விட்டிருப்பார். அவர்தான் ஸ்கூட்டரில் வந்து அந்தச் செய்தியைச் சொன்னார்.

"மக்கா, ஒனக்குள்ளதாக்கும் இந்த ஸ்கீம். படுக்கையில கிடக்கிற பட்டாளக்காரனப் பாக்கிறவியளுக்கு சர்க்காருல இருந்து ஒரு ஆள வச்சுக் குடுப்பினும். பழக்கின ஆளு. காலம்பற வந்தா ராத்திரி போவான். ஒரு வருசத்துக்கு. ஆனா மெடிக்கல் போர்டு எழுதித் தரணும்."

"என்னத்த எழுதணும் அண்ணே?"

"எப்பவும் தொணைக்கு ஒரு ஆளு வேணும்னு. டாக்டர்மாரு பாத்து எழுதணும். அவ்வளவுதான். ஒனக்க வீட்டுக்காரனப் பாத்தா கண்ணு தெரியாதவனும் எழுதிக் குடுப்பான்."

அந்தத் திட்டத்தின் பேரில் முதலில் ஒருநாள் வகுப்பு நடந்தது, நெய்யாற்றின்கரையில் ஒரு ஹாலில். வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள்தான். மனைவிகளும் அம்மாக்களும். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குத் துணையாக சுபேதாரின் மனைவி எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நகரத்தில் இருந்து வந்த ஒரு சின்னப்பெண் மேடையில் நின்று, தினமும் ஒரு மணிக்கூர் உங்களுக்காக மட்டும் ஒதுக்குங்கள், பாட்டுக் கேளுங்கள், தோட்டம் போடுங்கள் என்றாள். நல்ல பெண், குற்றம் சொல்லக் கூடாது. என் பக்கத்தில் பெருங்கடவிளையில் இருந்து வந்த ஒரு அம்மா, மகன் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறானாம், மின்விசிறிக் காற்று பட்டதும் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்கள். வாய் திறந்து, கைப்பை நழுவி. யாரும் எழுப்பவில்லை. மேடையில் பேசியவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அன்றைக்கு அந்த ஹாலில் யாருக்காவது உதவி கிடைத்தது என்றால் அந்த அம்மாவுக்குத்தான்.

பிறகு ஒரு பொம்மையைக் கட்டிலில் போட்டு, திருப்புவது எப்படி என்று காட்டினார்கள். அவர்கள் தோளைப் பிடித்துத் திருப்பியதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், விரிப்பைப் பிடித்து இழுத்து, ஒற்றை ஆளாகத் திருப்பிக் காட்டினேன். பதினான்கு வருஷமாக ஒரு புண்ணும் இல்லை என்றேன். கைதட்டினார்கள். ஓய்வெடுப்பது எப்படி என்ற வகுப்பு சாப்பாட்டுக்குப் பிறகு இருந்தது. எனக்கு நேரமாகிவிட்டது. பஸ் பிடித்து ஓடிவந்து அவரைத் திருப்பினேன்.

போர்டு நாளன்றைக்கு நான் செய்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. விடியுமுன் எழுந்து அவரை வெந்நீரில் துடைத்தேன். மழுங்கச் சவரம் செய்தேன். சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி. நரைத்த தலையைப் படிய வாரி, முதுகில் பவுடர். கல்யாணத்துக்குப் போகிறவரைப் போல இருந்தார். அவரே கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டார். ஆம்புலன்சில் ஏற்றும்போது சுபேதார், "மாப்பிள்ள எறங்கியாச்சு" என்று கேலி செய்தார்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அங்கே யார்மேலும் பிழை இல்லை. கம்பவுண்டர் என்னைப் பார்த்து, "பைஸ்டாண்டர் உள்ள வரலாம்" என்றார். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணைக்கு நிற்பவருக்கு அதுதான் பெயர். உள்ளே சீருடையில் ஒரு டாக்டர், வடக்கத்திக்காரர், இளவயசு. சிரித்த முகம். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வந்து நின்று குனிந்து, "கோயி தக்லீஃப்?" என்று கேட்டார். ஏதாவது கஷ்டம் உண்டா என்று.

இவர் தாடை மேலே போனது.

"நஹீ சாப். சப் டீக் ஹை, சாப்."

ஒன்றும் இல்லை ஐயா, எல்லாம் சரி என்று. டாக்டர் மறுபடி கேட்டார். சாப்பிடுவது, குளிப்பது, திரும்பிப் படுப்பது எல்லாம் தானாகச் செய்துகொள்வீர்களா? "ஹோ ஜாத்தா ஹை, சாப்." நடந்துவிடுகிறது ஐயா. பொய்யும் இல்லை, பாருங்கள். நடந்துவிடத்தான் செய்கிறது. யார் நடத்துகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. எனக்கு இந்தி கேட்டால் விளங்கும், பேச வராது. "டாக்டர் சார், அப்படி இல்ல" என்று தமிழில் ஆரம்பித்து, மலையாளத்தில் குழறி, பாதியில் நின்றேன். டாக்டர் அவரைப் புரட்டி முதுகைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "வெரி குட்" என்றார். மனதாரச் சொன்னார். பிறகு எழுதினார்.

மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. நல்ல முறையில் பராமரிக்கப்படுகிறார், படுக்கைப்புண் இல்லை, மனைவி பைஸ்டாண்டராக இருக்கிறார், தனியாகத் துணையாள் அவசியமில்லை. சுபேதார் வாசித்துவிட்டு மீசையைத் தடவினார். "இந்த பைஸ்டாண்டர்னு உள்ளத வடக்க ஒருத்தன் வாசிச்சா, வழியில நின்னு வேடிக்க பாக்கிறவன்னு நெனப்பான் மக்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு நான் பேசியதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

"நிங்களுக்கு டீக்கா? எனக்க கர்ப்பப்பை வெளிய தொங்குது, ரெத்தம் வடியுது, நிங்களுக்கு சப் டீக் ஹையா? அந்த டாக்டரு நிங்களுக்கு மாமனா மச்சானா? முடியல்லன்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிப் போவுமா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "நான் சொல்லல்ல எட்டீ" என்றார். "அது தானா வருது. முடியாதுன்னு சாப்புக்க முன்ன சொல்லிப் பழக்கமில்ல. வாயில வரல்ல."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசாமலே திருப்பினேன், துடைத்தேன், ஊட்டினேன். மூன்றாம் நாள் சுபேதார் வந்தார். அடுத்த போர்டுக்கு மனு போடலாம், ஆறு வாரத்தில் நாள் கிடைக்கும் என்றார். பிறகு முற்றத்தில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"மக்கா, நான் சொல்லுகத தப்பா எடுக்காத. ஒரு புண்ணு இருந்தா டாக்டர்மாரு எழுதிப் போடுவினும். சின்னதா ஒண்ணு. ஒரு வாரம் திருப்பாம விடு. பெறவு ஆத்திக்கலாம்."

"ஸ்கூட்டர எடுத்துட்டுப் போவணும் அண்ணே," என்றேன். "இனி இந்த முற்றம் மிதிக்காண்டாம்."

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். கெட்டவர் அல்ல. இப்படி எத்தனை வீட்டு முற்றத்தில் நின்று எத்தனை தாளை வாசித்திருப்பாரோ. நான் உள்ளே வந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணை மூடியிருந்தார். ஜன்னல் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. எனக்கு ரத்தப்போக்கு கூடியது. துணியை மாற்றி மாற்றி மாளவில்லை, அவருக்கு ஒரு வாளித் துணி, எனக்கு ஒரு வாளித் துணி, எதுவும் காயவில்லை. ஒருநாள் மத்தியானம் அவரைப் பாதி புரட்டியபோது கண் இருட்டி அவர்மேலேயே விழுந்தேன். கொஞ்சநேரம் இரண்டுபேரும் அப்படியே கிடந்தோம். அவரால் என்னைத் தூக்க முடியாது, என்னால் எழும்ப முடியவில்லை. கையை மட்டும் என் தலையில் வைத்திருந்தார். எழுந்து உட்கார்ந்ததும் சொன்னார்.

"இனி என்னத் திருப்பாண்டாம்."

"என்ன பேச்சு இது?"

"சுபேதார் சொன்னத நான் கேட்டேன். வாயால சொல்ல எனக்கு முடியாது. புண்ணு சொல்லட்டு."

"சவத்து வார்த்த பேசாதுங்க" என்று கத்தினேன். "பதினாலு வருசம் நான் காத்த ஒடம்பாக்கும்."

"ஒனக்க ஒடம்ப ஆரு காப்பா?" என்றார். "எனக்கு வேதன தெரியாதுல்லா. வேதன தெரியிற ஒனக்குப் பதிலா, தெரியாத எனக்குப் புண்ணு வந்தா என்ன? நீ செத்தா நான் ரெண்டு நாளு தாண்ட மாட்டேன். கணக்கு அவ்வளவுதான். போர்டுக்கு ரெண்டு வாரம் உண்டு. அது தாராளமா மதி."

நான் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்ள ஆசை. மறுநாள் பத்து மணித் திருப்பல் முடிந்து, பன்னிரண்டு மணி அடித்தது. நான் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன், இரண்டுபேருக்கு வேண்டியதற்கு மேல். இரண்டு மணி அடித்தது. நாலு மணி அடித்தது. கட்டிலில் இருந்து சத்தமே இல்லை. சாயா கொண்டுபோனேன். அவர் குடித்துவிட்டு, "நல்ல சாயா" என்றார்.

மூன்றாம் நாள் வாலெலும்பின்மேல் ஒரு சிவப்பு. விரல் வைத்து எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. ஐந்தாம் நாள் தோல் கொப்பளித்து உரிந்தது. அவர் கேட்டார், "வந்துட்டா?"

"வந்துட்டு."

"எவ்வளவு உண்டு?"

"ஒரு ரூபாத் துட்டு அளவு."

"காணாது" என்றார். போதாதாம்.

நான் வெளியே போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். ஜெபம் பண்ண வாய் வரவில்லை. என்ன சொல்லி ஜெபிப்பது? புண் பெரிசாக வேண்டும் என்றா, ஆற வேண்டும் என்றா?

குழாய் மாற்ற வந்த பாலியேட்டிவ் சிஸ்டர் அவரை ஒருக்களித்ததும் அப்படியே நின்றார். பத்தாம் நாள் அது. உள்ளங்கை அளவுக்குப் போய்விட்டது, நடுவில் கறுத்து, ஓரத்தில் சீழ். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த போர்டு கடிதத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டார். போகும்போது வாசலில் என் கையைப் பிடித்து, "நாளைக்கும் வாறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாம் போர்டுக்கும் அவர் சவரம் செய்யச் சொன்னார். கஞ்சி போட்ட சட்டை கேட்டார். அதே டாக்டர்தான். அதே சிரித்த முகம். "கோயி தக்லீஃப்?"

"நஹீ சாப். சப் டீக் ஹை."

குரலில் ஒரு பிசிறும் இல்லை. நான் போய் விரிப்பைப் பிடித்து, அவரைப் புரட்டி, சட்டையைத் தூக்கி, கட்டைப் பிரித்தேன். நாற்றம் அறை முழுக்க நிறைந்தது. கம்பவுண்டர் ஒரு அடி பின்னால் போனார். டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. குனிந்து, ரொம்பநேரம் பார்த்தார். அந்தப் பக்கமாகச் சுவரை நோக்கித் திரும்பிக் கிடந்த என் வீட்டுக்காரர் சொன்னார், "சாரி, சாப்."

நாற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார்.

டாக்டர் கட்டைத் தன் கையாலேயே திரும்பப் போட்டார். எழுதினார். எப்போதும் துணையாள் அவசியம். ஒரு வருஷத்துக்கு. அதன்பிறகு மறுபடி போர்டு பார்க்க வேண்டும்.

துணையாள் வந்தார். கல்யாணமாகி இரண்டு பெண்பிள்ளைகள் உள்ளவர், நல்ல கைகாரர். ராத்திரித் திருப்பலுக்கு இன்றுவரை சுபேதார்தான் வந்து திண்டாடித் திண்டாடிச் செய்கிறார். அந்த முற்றத்தை மிதிக்காதே என்று சொன்ன வாயால் அவரைக் கெஞ்சி வரவழைத்தவள் நான்தான். ஆபரேஷன் முடிந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா.

'பெறவு ஆத்திக்கலாம்' என்று சுபேதார் சொன்ன புண் ஆறவில்லை. எலும்பு தெரிகிற அளவுக்குப் போனது. இரண்டுமுறை காய்ச்சல் வந்து, பினாத்தி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருமுறை பிழைக்க மாட்டார் என்றே சொன்னார்கள். மகள் போனில் காட்டச் சொன்னாள். காட்டினேன். நர்ஸ் அல்லவா, பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இது எப்படிம்மா வந்தது? நீ இருக்கும்போது இது எப்படி வந்தது?" என்று அழுதாள். மெத்தை பழசாகிவிட்டது என்று சொன்னேன். இன்றுவரை அவளுக்கு அதுதான் பதில்.

ஒன்பது மாதம் கட்டுப் போட்டு, இந்தப் பங்குனியில் புண் மூடிவிட்டது. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல், குழந்தையின் உதடு மாதிரி. சிஸ்டர் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வருஷம் முடிகிறது, அடுத்த மாதம் போர்டு. முதுகில் மறுபடி புண் இல்லை.

அதனால் தினம் மத்தியானம் நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம். நான் ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் டாக்டர் மாதிரி நிற்பேன். "கோயி தக்லீஃப்?" என்பேன். "ஹை, சாப்" என்று சொல்ல வேண்டும். உண்டு ஐயா. இரண்டே வார்த்தை. அவருக்கு நெற்றியில் வேர்க்கும். "சப்..." என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடிப்பார். சிலநாள் இரண்டுபேருக்கும் சிரிப்பு வந்துவிடும். சிலநாள் நான் ஃபைலைக் கட்டிலில் வீசிவிட்டுப் போய்விடுவேன்.

நேற்று ஒத்திகை முடிந்து நான் அடுக்களைக்கு வந்தேன். நாலு மணி அடித்தது. துணையாள் வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, சேட்டன் திருப்ப விடமாட்டேங்கிறாரு. இப்பம் வேண்டாமாம். ரெண்டு மணிக்கும் வேண்டாம்னாரு."

 கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். அவர் மல்லாக்கக் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசமாக்கும் போர்டு" என்றார். "இப்பம் தொடங்கினா சரியா இருக்கும்."

நான் கட்டிலருகே குனிந்தேன். துணையாள் "அக்கா, நான் செய்யுதேன், நிங்க தொடாண்டாம்" என்று பின்னால் ஓடிவந்தார். கேட்கவில்லை. விரிப்பைப் பிடித்து இழுத்து, என் இரண்டு கையையும் அவருக்கு அடியில் கொடுத்து, எழுபது கிலோவையும் ஒரே மூச்சில் என் பக்கமாகப் புரட்டினேன். அடிவயிற்றில் ஏதோ சுரீரென்று இழுத்தது. இழுக்கட்டும். சட்டையைத் தூக்கி வாலெலும்பைப் பார்த்தேன். அந்தப் புதுத்தோலில் ஒரு சிவப்பு. விரல் வைத்து எடுத்தேன். மெல்ல வெளுத்தது. உயிர் வந்தது எனக்கு.

அவர் முகம் என் வயிற்றில் பதிந்திருந்தது. அங்கிருந்து பேசினார். சின்னக் குரல், பதினைந்து வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"எனக்கு ஒண்ணும் முடியாது எட்டீ. ஒண்ணுமே முடியாது. ஒரு மணிக்கூர் ஒரு ஆளு இல்லாம எனக்கு முடியாது."

நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் அவர் முடியில் விழுந்தது.

"இதத்தான் நான் கேக்கேன்" என்றேன். "இதே வார்த்தைய அங்க வச்சு சொல்லணும், கேட்டியளா? இப்பம் சொன்னியளே, அது மாதிரி சொன்னா மதி."

முகத்தை என் வயிற்றில் இருந்து விலக்கி என்னைப் பார்த்தார்.

"அங்க சாப் இருப்பாரே" என்றார்.